ஓர் இயந்திரத்துள் பல இயந்திரங்கள்

பால்மரத்தோடு வாழ்ந்த குடும்பங்களுக்கு ஒட்டுக்கன்றைப் பற்றி நாம் சொல்ல வேண்டியதில்லை. நன்றாகப் பால் தரும் தாய்மரத்தின் மொட்டை எடுத்து, இன்னொரு கன்றின் பட்டையில் வைத்துக் கட்டினால், தாயின் குணத்தோடு புதுமரம் வளர்கிறது. ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்று பெயர் பெற்ற மரங்கள் அப்படிப் பெருகியவைதாம். இத்தகைய மரங்களைக் 'குளோன்' என்பார்கள். கிளை என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து 1903ஆம் ஆண்டில் செடிகளுக்காகவே உண்டாக்கப்பட்ட சொல் அது. இன்று அதே சொல் கணிப்பொறிக் கூடங்களிலும் வழங்குகிறது. கணிப்பொறிக்கும் ஒட்டுக்கன்றுக்கும் என்ன உறவு? அந்த வரலாற்றைப் பார்ப்போம்.

1960களில் ஒரு கணிப்பொறி ஓர் அறையையே நிறைத்துக்கொண்டு நிற்கும். பெரிய நிறுவனங்களும் பல்கலைக்கழகங்களும்தாம் அதை வாங்க முடியும். துளையிட்ட அட்டைகளில் கணக்கைக் கொடுத்துவிட்டு, விடைக்காக மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஒருவர் வேலை முடியும்வரை மற்றவர் வரிசையில் நிற்பார்.

இதற்கு வழி தேடியவர்களுள் ஒரு குழு, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜ் நகரில், ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆய்வு நிலையத்தில் இருந்தது. ராபர்ட் கிரீசி என்பவர் அதற்குத் தலைமை தாங்கினார். 1964ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கிய வேலை, 1967ஆம் ஆண்டு ஜனவரியில் சி.பி.-40 என்னும் பெயரில் பயனுக்கு வந்தது. ஒரே இயந்திரம் 14 இயந்திரங்களைப் போல நடந்துகொண்டது! ஒவ்வொருவருக்கும் முழு இயந்திரமும் தமக்கே உரியது போலத் தோன்றியது. இதையே மெய்நிகர் கணிப்பொறி என்கிறோம்.

நம் பழைய லயத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கூரை ஒன்று, வீடுகள் பல. ஒவ்வொரு வீட்டுக்கும் தனி வாசல், தனி அடுப்பு. ஒரு வீட்டில் அடுப்பு அணைந்தால் அடுத்த வீட்டுச் சமையல் நிற்பதில்லை. ஆனால், கூரை சரிந்தால் எல்லாரும் நனைவார்கள். மெய்நிகர் கணிப்பொறியின் நன்மையும் ஆபத்தும் இவ்வளவுதான்.

1972ஆம் ஆண்டு ஐ.பி.எம். நிறுவனம் வி.எம்./370 என்ற பெயரில் இதை விற்பனைக்கு அறிவித்தது. பிறகு சிறிய கணிப்பொறிகள் மலிவாகக் கிடைக்கத் தொடங்கின. ஆளுக்கொன்று கிடைக்கும்போது பங்கிட்டுக்கொள்வானேன் என்று பலர் எண்ணினர். 1990களில் வேறொரு தொல்லை வந்தது. ஒரு வேலைக்கு ஓர் இயந்திரம் என்று வாங்கி அடுக்கியதால் அறைகள் நிறைந்தன; பல இயந்திரங்கள் பெரும்பாலான நேரம் சும்மா இருந்தபடியே மின்சாரத்தைத் தின்றன. அப்போதுதான் பழைய லயம் நினைவுக்கு வந்தது. 1998ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட வி.எம்.வேர் நிறுவனம், மறு ஆண்டே சாதாரண மேசைக் கணிப்பொறியில் இதைச் செய்து காட்டியது. 2001ஆம் ஆண்டில், பலருக்கும் சேவை செய்யும் 'சர்வர்' இயந்திரங்களுக்கும் கொண்டுவந்தது.

இங்கேதான் ஒட்டுக்கன்று வருகிறது. மெய்நிகர் கணிப்பொறி என்பது இரும்பும் கம்பியும் அன்று; சில கோப்புகளில் அடங்கும் பதிவு. ஆகவே, ஒன்றைப் பழுதில்லாமல் அமைத்துவிட்டால், அதை நகலெடுத்துப் பத்தாக்கலாம், நூறாக்கலாம். பல நாள் வேலை சில நிமிடங்களில் முடிகிறது.

ஆனால் நேயர்களே, ஒரு சிக்கல் உண்டு. கணிப்பொறிகள் ஒன்றோடொன்று பேச முகவரி வேண்டும். 1973ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஜெராக்ஸ் ஆய்வு நிலையத்தில் பிறந்த ஈதர்நெட் என்னும் இணைப்பு முறை பின்னர் நிலைபெற்றபோது, ஒவ்வோர் இணைப்புக்கும் பூச்சியமும் ஒன்றுமாக 48 இலக்கம் கொண்ட தனி எண் ஏற்பட்டது. மெய்நிகர் கணிப்பொறிக்கும் அப்படி ஓர் எண் தரப்படுகிறது. தாயை அப்படியே நகலெடுத்தால் என்ன ஆகும்? பெயரும் முகவரியும்கூட நகலாகிவிடும். லயத்தில் இரண்டு வீட்டுக் கதவில் ஒரே எண் எழுதியிருந்தால் தபால்காரர் என்ன செய்வார்? ஒரு வீட்டுப் பணவிடை இன்னொரு வீட்டுக்குப் போகும். அதனால் வி.எம்.வேர் மென்பொருள், கோப்பு வேறிடத்தில் திறக்கப்பட்டால், "இடம் மாற்றினீர்களா, நகலெடுத்தீர்களா?" என்றே கேட்கும். நகல் என்றால் புது எண் கொடுக்கும். உள்ளே எழுதிவைத்த பெயரையும் மற்ற முகவரியையும் மனிதர்தாம் மாற்ற வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. தாய்மரத்துக்கு ஒரு நோயைத் தாங்கும் வலிமை இல்லையென்றால், அதன் ஒட்டுக்கன்றுகளுக்கும் அந்த வலிமை இராது. தாய்ப் பதிவில் ஒரு பூட்டு சரியில்லை என்றால், நூறு நகல்களிலும் அந்தக் கதவு திறந்தே கிடக்கும். வங்கிக் கணக்கும் மருத்துவமனைப் பதிவும் இத்தகைய இயந்திரங்களை நம்பி இருக்கும் காலம் இது. அவற்றைக் காக்கும் வேலைக்கு நம் பிள்ளைகளும் போகிறார்கள்.

அவர்களுக்கு நாம் சொல்லக்கூடிய பாடத்தை நாற்றுமேடையில் நின்றவர்கள் அன்றே அறிவார்கள். முதலில் தாய்மரத்தைச் சோதியுங்கள். பிறகு ஒட்டுக் கட்டுங்கள். கட்டிய ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயரிடுங்கள்.