வெறுங்கட்டமும் பூச்சியமும்

தை மாதத்து விடியல். ஓமந்தைப் பக்கம் ஒரு குளக்கட்டில் நாங்கள் மூன்று பேர், இரவல் பைனோகுலர் ஒன்று, கொப்பி ஒன்று. அலைகரையில் சீழ்க்கைச் சிறகிகள் கூட்டமாக மிதந்தன. எண்ணினம். ஒருத்திக்கு 140, அடுத்தவருக்கு 190, மூன்றாமாளுக்கு 230! வலை இழுக்க வந்த ஐயா சிரித்தார்: "பிள்ளையள், அதுகள் நிண்டு கணக்குக் குடுக்குமோ?"

கலைப்பீடத்து ஆக்களுக்கு இதில என்ன வேலை எண்டு கேட்பீர்கள். எண்ணுகிற முறைக்கும் ஒரு வரலாறு இருக்கு. அது எங்கட ஊருக்குள்ளாலயும் போகுது.

பெரிய கூட்டத்தை ஒவ்வொன்றாக எண்ண ஏலாது. முதலில் பத்துப் பறவையை எண்ணி, அந்தப் பத்து கண்ணுக்கு எவ்வளவு இடம் பிடிக்குது என்று மனதில் பதிக்க வேண்டும். பிறகு அந்த அளவைக் கூட்டத்தின் மேல் வைத்து வைத்து நகர வேண்டும். கூட்டம் பெரிதென்றால் ஐம்பது ஐம்பதாக, நூறு நூறாக. வெயில் முதுகுப்பக்கம் இருக்க வேண்டும். கொக்கு, நீர்க்காகம் என்றால் பொழுதுபட, அடைகிற மரத்துக்கு வாறதை எண்ணுவது சுகம். பறவை இண்டைக்கு இந்தக் குளம், நாளைக்கு அடுத்த குளம். அதனால் எல்லா இடத்திலும் கிட்டத்தட்ட ஒரே நாட்களில் எண்ணுகிறார்கள், அதுவும் வருசா வருசம் ஜனவரியில்.

இப்படிச் சேர்ந்து எண்ணுவது ஐரோப்பாவில் 1967இல் தொடங்கியது, ஆசியாவில் 1987இல். இலங்கையில் இதை நடத்துவது சிலோன் பேர்ட் கிளப், 1943இல் உருவானது. 1987 எங்களுக்கு ஒப்பந்தமும் இந்திய இராணுவமும் வந்த ஆண்டு. ஆசியக் கணக்கெடுப்பின் முதல் இருபது வருசமும் எங்கட யுத்தமும் ஒரே காலம். பற்றரிகூட வவுனியா தாண்டாத தொண்ணூறுகளில் ஒருவர் பைனோகுலரோடு குளக்கட்டில் நின்றால், பறவை பார்க்கிறார் என்று ஆர் நம்பியிருப்பினம்?

எண்ணப்போய் ஒன்றையும் காணாவிட்டால் 0 என்று எழுத வேண்டும். போகவே இல்லை என்றால் கட்டத்தை வெறுமையாக விட வேண்டும். இரண்டையும் கலந்தால் முழுக்கணக்கும் பொய். இது சின்ன விசயமில்லை. வழமையாக 20,000 நீர்ப்பறவைகள் கூடுகிற இடம் ராம்சார் பட்டியலுக்குத் தகுதி பெறும். மன்னாரின் வங்காலை 2010இல் அதில் சேர்ந்தது. எண்ண ஆளில்லாத குளத்துக்கு இந்தக் கதவு திறக்காது.

ஆனால் இதே ஓமந்தையில் ஆக்களைப் பதிவதில் மட்டும் குறைவிருக்கவில்லை. 2002இல் ஏ9 திறந்த பிறகு போறவர் வாறவர் எல்லாரும் இந்தச் சோதனைச்சாவடியில் இறங்கி நடந்தார்கள். 2009இல் வன்னியிலிருந்து வந்த சனமும் இதனூடாகத்தான் வந்தது. சாவடி 2015 வரை நின்றது.

2011 ஜனவரியில் மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு நல்லிணக்க ஆணைக்குழு முன் ஒரு கழித்தல் கணக்கை வைத்தார். 2008 ஒக்டோபரில் கச்சேரிக் கணக்குப்படி வன்னியில் 429,059 பேர். அரச கட்டுப்பாட்டுக்குள் வந்தவர்கள் 282,380. மிச்சம் 146,679 பேருக்கு என்ன நடந்தது? கட்டுரைக்குள் பறவையையும் சனத்தையும் பக்கத்தில் வைக்கலாமோ என்று எங்களுக்குள்ளேயே சண்டை. வைத்துவிட்டோம். இரண்டு எண்ணிக்கையும் எழுதப்பட்டிருந்ததால்தான் அவரால் அப்படிக் கேட்க முடிந்தது.

எங்கட கொப்பியில் 140, 190, 230 மூன்றையும் அப்படியே எழுதினம். அடுத்த குளத்துக்கு மாரிச் சேற்றில் மோட்டார்சைக்கிள் போகவில்லை. திரும்பி வந்து பார்த்தால் அந்தக் குளத்துக்கு நேரே எங்களில் ஒருவர் 0 போட்டிருந்தார். வெட்டிவிட்டு, கட்டத்தை வெறுமையாக விட்டம்.