வரிச்சுறாவுக்குப் பேர் வைத்த டாக்டர்

கொல்லம் சக்திகுளங்கரைத் துறைமுகத்தில் இரண்டு சீசன் கணக்கெழுதினேன். ஆழ்கடல் இறால் போட்டு கரைக்கு வந்ததும் ரெட் ரிங் என்ற இறாலைப் பொறுக்கித் தனியாக ஏலத்துக்கு வைப்பார்கள். மிச்சமெல்லாம் சங்காயம், மீன்தூளுக்குப் போகும். அந்தக் குவியலில் ஒருநாள் ஒரு முழம்கூட இல்லாத சுறா ஒன்று கிடந்தது. குட்டி என்று நினைத்தேன். இல்லை, வளர்ந்ததே அவ்வளவுதான். தலையிலிருந்து வால்வரை குறுக்கே கரும்பழுப்புக் கோடுகள். எண்ணிப் பார்த்தேன், இருபதைத் தாண்டியது.

இதற்கு என்ன பேர் என்று போட்டை ஓட்டும் எங்கள் ஊர்க்கார ஸ்ராங்கிடம் கேட்டேன்.

"அது சங்காயம்டே. போய் ரெட் ரிங்க நிறுத்துப் போடு."

பேர் இருக்கிறது. ஹலேலூரஸ் குவாகா. வைத்தவர் ஆல்ஃபிரட் அல்காக் என்ற ராணுவ டாக்டர். 1888 முதல் 1892 வரை இன்வெஸ்டிகேட்டர் என்ற கடலளவைக் கப்பலில் வைத்தியம் பார்த்துக்கொண்டே உயிரினங்களையும் ஆராய்ந்தவர். அந்தக் கப்பலுக்கு மீன் பிடிப்பது வேலையில்லை. ஆழம் பார்த்து, கரையோர வரைபடம் போடவேண்டும். நடுவில் நேரம் கிடைத்தால் அடிமடி வலையை இறக்கி இழுப்பார்கள். அப்படி மலபார் கரைக்கு அப்பால் 102 பாகத்தில், சுமார் 186 மீட்டர் ஆழத்தில், மடியில் ஏறியது இந்த வரிச்சுறா. கல்கத்தாவின் இந்திய அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே கண்காணிப்பாளராகிவிட்ட அல்காக், 1899இல் வெளியிட்ட ஆழ்கடல் மீன் பட்டியலில் அதற்குப் பேர் சூட்டினார்.

குவாகா என்பது தென்னாப்பிரிக்காவில் திரிந்த ஒருவகை வரிக்குதிரை. கடைசிக் குவாகா 1883இல் ஆம்ஸ்டர்டாம் மிருகக்காட்சிசாலையில் செத்தது. அற்றுப்போய் 16 வருடமான மிருகத்தின் பேரை எங்கள் கடல் மீனுக்கு வைத்திருக்கிறார் மனிதர்! அதிலும் குவாகாவுக்குக் கோடுகள் முன்பாதியில்தான் அழுத்தமாக இருக்கும். பின்பாதி வெறும் பழுப்பு. இந்தச் சுறாவுக்கோ உடம்பெல்லாம் கோடு. என்னைக் கேட்டால் பொருந்தாத பேர்தான். ஆனால் நாங்கள் அதுவும் வைக்கவில்லையே.

பிறகு வெகுகாலம் அந்தச் சுறா விரல்விட்டு எண்ணும்படிதான் ஆய்வாளர் கைக்குக் கிடைத்தது. 1990களின் கடைசியில் கொல்லத்துப் போட்டுகள் இறாலைத் தேடி ஆழத்துக்கு இறங்கியபின், சங்காயத்தோடு சங்காயமாகக் கரையேறியது.

அல்காக்கின் பேரை 1938இல் ஓர் ஆழ்கடல் இறாலுக்கு வைத்தார்கள்: அரிஸ்டியஸ் அல்காக்கி. ஸ்ராங்கு என்னை நிறுத்துப் போடச் சொன்ன ரெட் ரிங் அதுதான்.