ஏட்டுச் சுரைக்காயும் தரவுக் கிடங்கும்

“ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது” என்பது பழமொழி. தொழிலை ஏட்டில் படித்தால் மட்டும் போதாது, கையால் செய்து பழகவும் வேண்டும் என்பது அதன் கருத்து. கருத்து நன்றே. ஆயின், இப்பழமொழியையே துணையாகக் கொண்டு, தொழிலுக்கு நூல் எதற்கு, அனுபவம் ஒன்றே போதும் என வாதிடுவோரும் உளர். அவர்தம் கூற்று வரலாற்றுக்குப் பொருந்துமா என்பது ஆராயத்தக்கது. கணக்கெழுதும் கலையின் வரலாறும், அதன் வழித்தோன்றலாய் இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த தரவுக் கிடங்கு என்னும் துறையின் வரலாறும் இவ்வாராய்ச்சிக்குத் தக்க சான்றுகளாகும். இவ்விரு கலைகளும் கடைகளிலும் அலுவலகங்களிலும் பிறந்தவை. அவற்றை அங்கிருந்து வெளிக்கொணர்ந்து, கற்க விரும்பிய யாவர்க்கும் உரியனவாக்கியவை நூல்களே.

வெனிசு வணிகரும் ஒரு துறவியும்

ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலையும் பற்று, வரவு என இரண்டு இடங்களில் எழுதும் இரட்டைப் பதிவு முறை இத்தாலிய வணிகரிடையே வழங்கியது. மகன் தந்தையிடமும், கணக்குப்பிள்ளை முதலாளியிடமும் கற்றுவந்த கலை அது. பெனடெட்டோ கோட்ருலி என்னும் வணிகர் 1458-ஆம் ஆண்டிலேயே இம்முறையைத் தம் நூலில் விளக்கினார். ஆயினும் அந்நூல் கையெழுத்துப் படியாகவே கிடந்து, 1573-ஆம் ஆண்டில்தான் அச்சேறியது. அதற்குள் வேறொருவர் முந்திக்கொண்டார். அவர் பிரான்சிஸ்கன் சபைத் துறவியும் கணித ஆசிரியருமாகிய லூக்கா பச்சியோலி. 1494-ஆம் ஆண்டில் வெனிசு நகரில் அச்சான அவருடைய பெருங்கணித நூலில், 36 இயல்கள் கொண்ட ஒரு பகுதி கணக்கெழுதும் முறையைக் கற்பிக்கிறது.

பச்சியோலி இம்முறையைக் கண்டுபிடித்தவர் அல்லர். வெனிசு வணிகர் கையாண்ட முறையையே தாம் எழுதுவதாக அவரே கூறுகிறார். எனினும் கணக்கியலின் தந்தை என்று உலகம் அவரையே போற்றுகிறது. அதற்குக் காரணங்கள் இரண்டு. அவருடைய நூல் அச்சாகிப் பலர் கைக்குச் சென்றது ஒன்று. கற்றோர் மொழியாகிய இலத்தீனை விடுத்து, வணிகர் பேசிய இத்தாலிய மொழியில் அவர் எழுதியது மற்றொன்று. தொழில் செய்வோர் மொழியில் தொழில்நூல் அமைந்தால் அத்தொழில் பரவும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

அந்நூலில் கவனிக்கத்தக்க விதி ஒன்று உண்டு. பேரேட்டில் பிழையாக ஒரு பதிவு விழுந்துவிட்டால், அதற்கு எதிர்ப்பதிவு எழுதிச் சரிசெய்ய வேண்டும் என்பதே அது. இவ்வாறு செய்வதால் நேர்ந்த பிழையும் கணக்கில் நிற்கும், திருத்தமும் நிற்கும். ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகள் கழித்து இதே கருத்து வேறொரு வடிவில் மீண்டும் தோன்றுவதைப் பின்னர்க் காணலாம்.

எண்ணும் பொறிகள்

கணக்கு பெருகியபோது கை தளர்ந்தது. அமெரிக்க நாட்டின் 1880-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கைத் தொகுத்து முடிக்க ஏழாண்டுகளுக்கு மேலாயிற்று. அடுத்த கணக்கெடுப்பும் இவ்வாறே நீண்டால் ஒரு கணக்கு முடியுமுன் மறு கணக்கு வந்துவிடும் என்னும் அச்சம் எழுந்தது. ஹெர்மன் ஹாலரித் என்பவர் அட்டைகளில் துளையிட்டு, அத்துளைகளைப் பொறியால் எண்ணும் முறையை வகுத்தார். 1890-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், ஏறத்தாழ 6 கோடியே 26 இலட்சம் மக்களைப் பற்றிய விவரங்கள் இவ்வகையில் எண்ணப்பட்டன. அவர் 1896-இல் தொடங்கிய நிறுவனம் 1911-இல் வேறு சில நிறுவனங்களுடன் இணைந்தது. அவ்விணைப்பே 1924-இல் ஐபிஎம் எனப் பெயர் பெற்றது.

‘வணிக நுண்ணறிவு’ என இன்று வழங்கும் தொடரும் பழமையானதே. 1865-ஆம் ஆண்டில் ரிச்சர்டு மில்லர் டெவன்ஸ் என்பவர், பிறர்க்கு முன்னரே செய்தியறிந்து பொருளீட்டிய ஹென்றி பர்னீஸ் என்னும் வங்கியாளரைப் பற்றி எழுதுங்கால் இத்தொடரை ஆண்டார். 1958-ஆம் ஆண்டில் ஐபிஎம் நிறுவனத்தைச் சேர்ந்த ஹான்ஸ் பீட்டர் லூன் இதையே தம் ஆய்வுக் கட்டுரையின் தலைப்பாக்கினார். வந்து குவியும் ஆவணங்களைப் பொறியே சுருக்கி, எது எவர்க்கு வேண்டுமோ அதை அவரிடம் சேர்க்க வேண்டும் என்பது அவர் கனவு. 1989-இல் ஹோவர்டு டிரெஸ்னர் இத்தொடருக்கு இன்றைய பொருளைத் தந்து பரப்பினார்.

கிடங்கு ஏன் தோன்றிற்று?

1970-ஆம் ஆண்டில் ஐபிஎம் நிறுவனத்தின் ஆய்வாளர் எட்கர் காட், தரவுகளை அட்டவணைகளாக வைத்து, அவற்றிடையே உள்ள உறவுகளைக் கணித முறையில் ஆளலாம் என்று காட்டினார். இதற்காக 1981-இல் டூரிங் பரிசு பெற்றார். அவர் வகுத்த வழியில் ஒரு செய்தி ஓரிடத்தில் மட்டுமே எழுதப்படும். ஆகவே, வாடிக்கையாளரின் முகவரி மாறினால் ஓரிடத்தில் திருத்தினால் போதும். அன்றாட அலுவலுக்கு இம்முறை மிகப் பொருந்தியது.

ஆயின் முதலாளியின் கேள்வி வேறு வகையானது. “இப்பொருள் கையிருப்பில் உள்ளதா?” என்பது கடைச் சிப்பந்தியின் கேள்வி. “மூன்றாண்டுகளாக மழைக்காலத்தில் எந்த வட்டாரத்தில் எப்பொருள் விற்பனை குறைந்து வருகிறது?” என்பது முதலாளியின் கேள்வி. முன்னதற்கு ஒரு வரியைப் பார்த்தால் போதும். பின்னதற்கு இலட்சக்கணக்கான வரிகளைக் கூட்ட வேண்டும். அன்றாட வேலை நடக்கும் பொறியிலேயே இக்கேள்வியைக் கேட்டால் கடை வேலை தடைப்படும். மேலும், அன்றாடப் பொறி இன்றைய நிலையைக் காட்டுமேயன்றி, நேற்றைய நிலையை எப்போதும் காத்து வைப்பதில்லை. எனவே தரவுகளைப் பல இடங்களிலிருந்து கொணர்ந்து, தூய்மை செய்து, தனியே சேர்த்துவைக்கும் இடம் ஒன்று வேண்டியதாயிற்று. 1988-ஆம் ஆண்டில் பாரி டெவ்லின், பால் மர்பி என்னும் இருவர், ஐபிஎம் நிறுவனத்தின் ஆய்விதழில் இத்தகைய அமைப்பை விளக்கி, அதற்குக் ‘கிடங்கு’ என்று பெயரிட்டனர்.

இரு நூல்கள், இரு வழிகள்

ஆய்விதழ்க் கட்டுரை அறிஞர்க்கு உரியது. அலுவலகத்தில் இருந்து வேலை செய்வோர் கற்பதற்கு நூல் வேண்டும். 1992-ஆம் ஆண்டில் பில் இன்மன் தரவுக் கிடங்கைக் கட்டும் முறை பற்றித் தம் நூலை வெளியிட்டார். 1996-ஆம் ஆண்டில் ரால்ப் கிம்பல் தம் நூலை வெளியிட்டார். இத்துறையில் புகுந்தோருள் பெரும்பாலோர் இவ்விரண்டில் ஒன்றையேனும் கையில் கொண்டே புகுந்தனர் எனலாம்.

இன்மன் கிடங்கின் இலக்கணத்தை நான்கு பண்புகளால் வரையறுத்தார். அது பொருள்வாரியாக அமைய வேண்டும். பல மூலங்களை ஒருமைப்படுத்த வேண்டும். காலத்தைக் காட்ட வேண்டும். இட்ட பதிவு மாறாது நிற்க வேண்டும். ஒருமைப்பாட்டிற்கு அவர் காட்டும் எடுத்துக்காட்டு எளியது. ஆண், பெண் என்பதை ஒரு துறை எழுத்தால் குறிக்கும். மற்றொரு துறை ஒன்று, சுழி என எண்ணால் குறிக்கும். இரண்டையும் அப்படியே கூட்டினால் விடை தவறும். கிடங்கினுள் நுழையுமுன் யாவும் ஒரே வழக்கிற்கு வர வேண்டும். பதிவு மாறாது நிற்றல் என்னும் பண்போ, பச்சியோலி பேரேட்டிற்குச் சொன்ன விதியை நினைவூட்டுவதாகும்.

கிம்பலின் நூல் வேறு நடையில் செல்வது. இலக்கணத்தினும் எடுத்துக்காட்டே அதில் மிகுதி. நூறு கடைகளையும், ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 60,000 பொருள்களையும் உடைய ஒரு மளிகை நிறுவனத்தைக் கற்பனை செய்துகொண்டு பாடம் தொடங்குகிறது. எத்தொழில் நிகழ்ச்சியை அளக்கப் போகிறோம், ஒரு வரி எதைக் குறிக்கும், அதை எவ்வெக் கோணங்களிலிருந்து நோக்குவோம், எவ்வெண்களை அளப்போம் என்னும் நான்கு கேள்விகளை அது கேட்கிறது. எண்கள் நடு அட்டவணையில் நிற்க, நாள், கடை, பொருள் ஆகிய கோணங்கள் அதைச் சூழ்ந்து நிற்கும். வடிவம் பற்றி இதனை விண்மீன் அமைப்பு என்பர்.

இவற்றுள் இரண்டாம் கேள்வியே உயிரானது. விற்பனைச் சீட்டின் ஒவ்வொரு வரியையும் சேமித்தால், ரொட்டி வாங்கினோர் வெண்ணெயும் வாங்கினரா என்று பின்னாளில் அறியலாம். நாள் முடிவில் மொத்தத் தொகையை மட்டும் சேமித்தால் அக்கேள்விக்கு என்றுமே விடை கிடையாது. வடக்கு வட்டாரத்துக் கடை ஒன்று தெற்கு வட்டாரத்தில் சேர்க்கப்பட்டால் என் செய்வது என்பதும் அந்நூல் கற்பிக்கும் பாடங்களுள் ஒன்று. பழைய பெயரை அழித்துப் புதியதை எழுதினால், சென்ற ஆண்டு வடக்கில் நடந்த விற்பனையும் தெற்கின் கணக்கில் ஏறிவிடும். அவ்வாறின்றிப் பழைய வரியை நிறுத்திப் புதிய வரி ஒன்றைச் சேர்த்தால், இரு காலத்து உண்மையும் பிழைக்கும். இஃது ஒரு மேலாளரின் உழைப்பு அவர் பெயரில் நிற்பதா, பிறர் பெயருக்குப் போவதா என்னும் நீதி பற்றிய கேள்வியுமாகும்.

கிம்பலும் பச்சியோலியைப் போன்றே தொகுத்தவர். இச்சொற்கள் 1960-களில் ஜெனரல் மில்ஸ் நிறுவனமும் டார்ட்மவுத் கல்லூரியும் கூடி நடத்திய பணியில் தோன்றியவை என்றும், 1970-களில் நீல்சன் போன்ற சந்தை ஆய்வு நிறுவனங்கள் அவற்றைக் கையாண்டன என்றும் அவர் நூலே கூறுகிறது.

கற்போர் செய்த பிழை

இனி, இவ்விரு நூல்களும் முரண்படும் இடம் ஒன்று உண்டு. நிறுவனம் முழுமைக்கும் பொதுவான நடுக்கிடங்கை, காட் வகுத்த ஒழுங்கில் அமைத்து, அதிலிருந்தே துறைகளுக்குப் பிரித்துத் தர வேண்டும் என்பார் இன்மன். ஒரு நேரத்தில் ஒரு தொழில் நிகழ்ச்சியைக் கட்டுக, ஆயின் நாள், பொருள், வாடிக்கையாளர் ஆகியன எங்கும் பொதுவாக நிற்கட்டும் என்பார் கிம்பல். ஒரு நூலை மட்டும் கற்றோர் அந்நூலின் வழியே அறம் என்றும், மற்றது பிழை என்றும் நெடுங்காலம் பூசலிட்டனர்.

நூல்களின் வரலாற்றை நோக்கினால் இப்பூசலின் வேர் புலப்படும். இன்மன் கண்டு அஞ்சியது துறைகளிடையே நிலவிய முரண்பாடு. விற்பனை ஏறிற்று என ஒரு துறையும், இறங்கிற்று என மற்றொரு துறையும் ஒரே நாளில் மேலிடத்திற்கு அறிக்கை தரும் நிலையை அவர் நூல் விரித்துரைக்கிறது. கிம்பலோ, அலுவலகப் பணியாளர் எளிதில் கையாளுமாறு 1981-இல் வெளிவந்த ஜெராக்ஸ் ஸ்டார் கணிப்பொறியை வடிவமைத்தோருள் ஒருவர். 1986-இல் விரைந்து விடை தரும் தரவுத்தளத்தை ஆக்குதற்கு ரெட் பிரிக் நிறுவனத்தைத் தொடங்கியவர். பயன்படுத்துவோர்க்கு விளங்காமையும் விடை தாமதித்தலுமே அவர் கண்ட பகைகள். ஆகவே இருவரும் இருவேறு நோய்க்கு மருந்து எழுதினர். நோயை அறியாது மருந்துச் சீட்டை மட்டும் மனப்பாடம் செய்தோரே பூசலிட்டனர்.

நூலை நோக்குங்கால் அதன் பின்னணியையும் நோக்க வேண்டும் என்பதற்கு மற்றொரு சான்றும் உண்டு. 1993-இல் காட் வேறிருவருடன் சேர்ந்து, பகுப்பாய்வுக் கருவிகளுக்குரிய பன்னிரண்டு விதிகளை வெளியிட்டார். அவ்வெழுத்துக்குப் பொருளுதவி செய்தது, அத்தகைய கருவியை விற்றுவந்த ஆர்பர் நிறுவனம் என்பது பின்னர் வெளியாயிற்று. விதிகளில் பயனுள்ளவை உண்டு. எனினும் பேரறிஞர் ஒருவர் பெயரைக் கண்ட அளவில் ஆராயாது ஏற்றல் கற்போர்க்குத் தகாது என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்திற்று.

முடிவு

கிம்பலின் நூல் மார்கி ராஸ் துணையுடன் 2002-இலும் 2013-இலும் திருந்திய பதிப்புகளாக வந்தது. இன்மனின் நூல் 2005-இல் நான்காம் பதிப்பைக் கண்டது. கிம்பலின் குழு 2015-ஆம் ஆண்டின் இறுதியில் தன் பணியை நிறுத்திக்கொண்டது. பொறிகளும் மாறின. ஆயினும் ஒரு வரி எதைக் குறிக்கிறது, பழைய உண்மை காக்கப்படுகிறதா என்னும் கேள்விகள் மாறவில்லை. ஆசிரியர் விலகிய பின்னும் அக்கேள்விகளைக் கேட்டுக்கொண்டிருப்பது நூலே.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது உண்மையே. விண்மீன் அமைப்பைப் படித்தவர், ஒரு சிறு கடையின் ஒரு மாத விற்பனைச் சீட்டுகளைக் கொண்டேனும் அதைக் கட்டிப் பார்த்தாலன்றி அக்கலை கைவராது. ஆயின், ஏடு இல்லாவிடில் கோட்ருலியின் அறிவு நூற்றாண்டுக்கு மேல் முடங்கிக் கிடந்ததுபோல் பல கலைகள் முடங்கும் என்பதும் உண்மையே. எனவே தொழில்நூலைக் கற்பிக்கும் ஆசிரியர் மாணவர்க்கு மூன்று வினாக்களை முதலில் பழக்குதல் நலம். இந்நூலை எழுதியவர் என்ன வேலை செய்தவர்? எந்த இடரைக் கண்டு இவ்வழியை வகுத்தார்? அவ்விடர் நம்மிடமும் உண்டா? இவ்வினாக்களுடன் ஏட்டைத் திறப்பவனுக்கு ஏடு ஒருநாளும் பயனற்றுப் போவதில்லை.