மீன்தொட்டியில் மணி பிளாண்ட் வளர்ப்பு

பிரெஞ்சு பாலினீசியாவின் மூரேயா தீவைப் பூர்வீகமாகக் கொண்ட, சேம்புக் குடும்பத்தைச் சேர்ந்த மணி பிளாண்ட் கொடியை, வேர் மாத்திரம் நீரில் அமிழ்ந்தும் இலைகள் யாவும் காற்றில் விரிந்தும் இருக்குமாறு மீன்தொட்டியின் விளிம்பில் அமைத்து வளர்க்கும் முறை. மீன்களின் கழிவிலிருந்தும் எஞ்சிய இரையிலிருந்தும் உண்டாகும் அம்மோனியா என்னும் விஷப்பொருளை, தொட்டியின் மணலிலும் வடிகட்டியிலும் வாழும் பாக்டீரியாக்கள் முதலில் நைட்ரைட்டாகவும் பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்ற, அங்கேயே தேங்கிப் பாசி பெருகுவதற்கு ஹேதுவாகும் அந்த நைட்ரேட்டைக் கொடியின் வேர் தன் ஆகாரமாக உறிஞ்சிக்கொள்கிறது. நீருள் மூழ்கிய செடிகள் நீரில் கரைந்துள்ள சொற்பமான கரியமிலவாயுவையே நம்பி மெல்ல வளர, இக்கொடியோ இலைகளின் வழியே காற்றிலிருந்து அதனைத் தாராளமாகப் பெற்று விரைந்து வளர்வதால், நீரைச் சுத்தி செய்வதில் அவற்றுட் பலவற்றை விஞ்சுகிறது என்பதே இம்முறையின் மெய்யான சிறப்பு. மண்ணில் வளர்ந்த செடியாயின் வேரை முற்றும் கழுவிய பின்னரே நீரில் இடவேண்டும். கணுவுடன் நறுக்கிய தண்டு அதனினும் உத்தமம். தங்கமீன்கள் இளவேரைக் கொறிப்பதுண்டு. கொடியில் உறுத்தும் கால்சியம் ஆக்ஸலேட் படிகங்கள் இருத்தலால், தங்கமீன்கள் உள்ள தொட்டிகளில் வேரைச் சுற்றி வலையிடுதல் அவசியம். இக்கொடி நைட்ரேட்டைக் குறைப்பினும், நீரை அவ்வப்போது மாற்றும் கடமையிலிருந்து வளர்ப்போரை விடுவிப்பதில்லை.