டெல்ஃபி முறையின் முதல் சோதனை: கருத்தொற்றுமையும் உண்மையும்

வல்லுநர் குழுவின் கருத்தொற்றுமையை அறிவதற்குரிய ஆய்வுமுறைகளுள் மிகுதியாகக் கையாளப்படுவது டெல்ஃபி முறையாகும். மருத்துவம், செவிலியம், கல்வி முதலிய துறைகளில் 'கருத்தொற்றுமை எட்டப்பட்டது' என்னும் தொடரே ஆய்வின் முடிபாக எழுதப்படுகிறது. அத்தொடர் எதற்குச் சான்றாகும் என்னும் வினாவுக்கு, இம்முறையின் முதல் சோதனையிலேயே விடை தேட இயலும்.

1950களின் தொடக்கத்தில், கலிபோர்னியாவின் சாண்டா மோனிக்கா நகரிலிருந்த ராண்ட் நிறுவனத்தில், அமெரிக்க விமானப்படைக்கான ஆய்வின் பகுதியாக நார்மன் டால்கியும் ஒலாஃப் ஹெல்மரும் அச்சோதனையை நடத்தினர். சோவியத் போர்த்திட்டமிடுவோர் ஒருவரின் நோக்கில் அமெரிக்கத் தொழிலகங்களுள் எவற்றைத் தாக்குவது பொருத்தம், படைக்கல உற்பத்தியைக் குறிப்பிட்ட அளவுக்குக் குறைக்க எத்தனை அணுகுண்டுகள் தேவை என்பதே வினா. விடையளித்தோர் எழுவர்: பொருளியலாளர் நால்வர், குண்டுவீச்சின் சேதத்தை மதிப்பிடும் வல்லுநர் ஒருவர், அமைப்புப் பகுப்பாய்வாளர் ஒருவர், மின்னணுவியல் பொறியாளர் ஒருவர். இரகசியக் காப்பின் பொருட்டு, சோதனையின் விவரம் 1963இல்தான் மேனேஜ்மென்ட் சயின்ஸ் இதழில் வெளிவந்தது.

எழுவரும் ஓரிடத்தில் கூட்டப்படவில்லை. ஏறத்தாழ வாரத்திற்கு ஒன்றாக ஐந்து வினாநிரல்கள் அனுப்பப்பட்டன. இடையில் தனித்தனி நேர்காணல்களும் நிகழ்ந்தன. பிறர் கேட்ட தரவுகளும் கருதிய காரணங்களும் பெயர் சுட்டாமல் ஒவ்வொருவருக்கும் தெரிவிக்கப்பட்டன. நேருக்கு நேர் கூடும் அவையில் பதவியும் பேச்சு வன்மையும் கருத்தை வளைத்துவிடும்; ஒருமுறை சொன்னதைக் கைவிட மானமும் இடங்கொடாது. மூத்தோர் வாய்திறந்தபின் இளையோர் அடங்கிவிடும் அவைகளை அறிந்தவர்க்கு இவ்வேற்பாட்டின் தேவையை விளக்க வேண்டியதில்லை.

முதற்சுற்றில் மிகக் குறைந்த மதிப்பீடு 50 குண்டுகள். மிக உயர்ந்தது 5000. நூறு மடங்கு வேறுபாடு. இறுதியில் அவ்வீச்சு 167 முதல் 360 வரை எனச் சுருங்கியது. இம்முறையின் வெற்றிக்குச் சான்றாகக் காட்டப்படுவது இச்சுருக்கமே. ஆயின் இவ்விறுதி எண்கள் வல்லுநர் அளித்தவாறே எடுக்கப்பட்டவை அல்ல. ஆய்வாளர் திருத்திக் கணித்தவை. விடைகள் முற்றிலும் சார்பற்றவை அல்ல என்பதையும், எத்தரவை வழங்குவது என்னும் தேர்விலேயே ஆய்வாளரின் வழிநடத்தல் புகுந்தது என்பதையும் டால்கியும் ஹெல்மரும் மறைக்கவில்லை. எழுவரும் நெருங்கி வந்தது சிந்தனையின் பயனா, ஒரே தரவு எல்லோருக்கும் சென்றதன் பயனா என்பதை அச்சோதனையைக் கொண்டு பிரித்தறிய இயலாது.

விடையின் சரிதவற்றைச் சோதிக்கவும் வழியில்லை. நல்வாய்ப்பாக, அந்தப் போர் நிகழவேயில்லை.

இக்குறையை டால்கி உணர்ந்திருந்தார் எனக் கருதலாம். 1969இல் அவர் வெளியிட்ட ஆய்வில், கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாக மாணவர்களிடம், விடை ஏற்கெனவே பதிவாகியுள்ள பொதுத்தகவல் வினாக்கள் கேட்கப்பட்டன. பெயர் மறைத்த பின்னூட்டத்தால் மதிப்பீடுகள் பெரும்பாலும் துல்லியம் பெற்றன. நேரடி விவாதத்தால் அவை துல்லியம் இழக்கவே முற்பட்டன. எனினும் பதிவாகிவிட்ட ஒன்றை ஊகிப்பதும் வருங்காலத்தைக் கணிப்பதும் ஒன்றல்ல. 1974இல் அதே நிறுவனத்தின் அறிக்கையொன்றில் ஹெரால்டு சாக்மன், வினாநிரல் வடிவமைப்பு, வல்லுநர் தெரிவு, நம்பகத்தன்மை ஆகியவற்றில் இம்முறை அறிவியல் தரத்தை எட்டவில்லை எனக் கடுமையாகச் சாடினார். அவர் கண்டனம் சற்று மிகையே. ஆயினும் உடன்பாட்டை உண்மையெனக் கொள்ளலாகாது என்னும் அவர் வாதத்துக்குத் தக்க மறுப்பு எளிதன்று.

கிரேக்கக் குறிமேடையை நினைவூட்டும் பெயரும் இக்குழப்பத்துக்குத் துணைபோயிற்று. அது மெய்யியலாளர் ஆபிரகாம் கப்லான் இட்ட பெயர். அதிலிருந்த மாயச்சாயலை டால்கியே விரும்பவில்லை.

இன்றைய ஆய்வுகள் பலவற்றில் 70 அல்லது 75 விழுக்காட்டு உடன்பாடே எல்லையாகக் கொள்ளப்படுகிறது. அவ்வெல்லை முதற்சுற்றுக்கு முன்பே வகுக்கப்பட்டதா, இடையில் விலகியோர் எக்கருத்தினர் என்பன பெரும்பாலும் கூறப்படுவதில்லை. மாறுபட்டோர் விலகினால், எவர் மனமும் மாறாமலே விழுக்காடு உயரும். 1963ஆம் ஆண்டுக் கட்டுரையோ வினாநிரல்களின் உள்ளடக்கத்தைச் சுற்றுவாரியாக எடுத்துரைக்கிறது. ஆய்வாளர் எங்கே வழிகாட்டினர் என்பதை வாசிப்போரே அதில் கண்டுகொள்ள முடிகிறது.