ஒரு சிறு மீன் கற்பித்த பாடம்



வண்ண மீன் விற்கும் கடைகளில், உடலெங்கும் நீலக் கோடுகள் ஓடும் ஒரு சிறு மீனை நம்மில் பலர் பார்த்திருப்போம். நீளம் ஒன்றரை அங்குலம். பெயர் வரிக்குதிரை மீன். இது மருந்து ஆராய்ச்சிக்குள் வந்த வரலாற்றை இன்று காண்போம்.

முதலில் ஒரு துயரச் செய்தி. 1957-ஆம் ஆண்டு மேற்கு ஜெர்மனியில் தாலிடோமைடு என்னும் தூக்க மருந்து விற்பனைக்கு வந்தது. எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது ஆபத்து தென்படவில்லை. கர்ப்பிணிகளும் நம்பி உட்கொண்டார்கள். கைகால் வளராத குழந்தைகள் பிறந்தன. 1961-இல் அங்கே அது விலக்கப்பட்டது. பல நாடுகளிலும் சேர்த்து 10,000-க்கும் மேற்பட்ட குழந்தைகள் பாதிக்கப்பட்டதாகக் கணக்கிடுகிறார்கள்.

மருந்து கருவுக்குள் என்ன செய்தது? அதைக் கண்ணால் காண வழியில்லை. தாயின் வயிற்றுக்குள் நடப்பதை யார் பார்க்க முடியும்?

பார்க்க வழிவிட்டது இந்த மீன். கங்கைப் பகுதி மீன்களை ஆராய்ந்த ஃபிரான்சிஸ் ஹாமில்டன் 1822-இலேயே இதைப் பற்றி எழுதியிருந்தார். இதன் முட்டைகள் தாயின் உடலுக்கு வெளியே வளர்பவை, கண்ணாடிபோல் தெளிவானவை. ஒரே நாளில் இதயம் துடிக்கத் தொடங்குவதை நுண்ணோக்காடியில் காணலாம். மருந்தைத் தண்ணீரில் கரைத்தால் போதும், விளைவு தெரியும்.

இதன் அருமையை உணர்ந்தவர் அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜார்ஜ் ஸ்ட்ரைசிங்கர். வண்ண மீன் வளர்ப்பதில் ஆர்வம் கொண்ட அவர், பல ஆண்டுகள் பொறுமையுடன் உழைத்து, 1981-இல் தம் முடிவுகளை வெளியிட்டார். 1984-இல் காலமானார். விதைத்தவர் அறுவடையைக் காணவில்லை.

1996-இல் ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் ஆராய்ந்தவர்கள், இந்த மீனின் வளர்ச்சியை மாற்றும் மரபணுக் கோளாறுகள் பலவற்றை ஒரே சமயத்தில் அறிவித்தார்கள். 2000-இல் அமெரிக்க விஞ்ஞானிகள் மீன் கருக்களில் 1,000-க்கும் மேற்பட்ட இரசாயனங்களைச் சோதித்தார்கள்.

2010-இல் ஜப்பானிய விஞ்ஞானிகள் அந்தப் பழைய புதிரை அவிழ்த்தார்கள். தாலிடோமைடு கலந்த நீரில் மீன் குஞ்சுகளின் துடுப்புகள் குறுகின. அம்மருந்து செரிப்ளான் என்னும் புரதத்தைப் பற்றிக்கொள்வதே காரணம் எனக் கண்டார்கள். மருந்து பற்ற முடியாதபடி அப்புரதத்தை மாற்றியபோது துடுப்புகள் நன்றாக வளர்ந்தன. குழந்தைகள் பிறந்து ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகே இந்த விடை கிடைத்தது!

மீன் மனிதனாகிவிடாது என்பதையும் நாம் மறக்கலாகாது. மனித மரபணுக்களில் சுமார் 70 விழுக்காட்டிற்கு இணையானவை மீனில் உண்டு என்று 2013-இல் அறியப்பட்டது. மீதியும் இருக்கிறதே! ஆகவே, மீனில் தேறிய மருந்தும் மேலும் பல சோதனைகளைக் கடந்தாக வேண்டும். எலியை மட்டும் நம்பியதால் நேர்ந்த பிழையை, மீனை மட்டும் நம்பி மறுபடியும் செய்யலாமா?

ஒரே சாட்சியை வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. இதுவே அக்குழந்தைகள் நமக்கு விட்டுச்சென்ற பாடம்.