கல்லெறி வாங்கிய குடும்பப் படம்

ஞாயிறு ஆராதனை முடிந்து டீ கப்போடு நிற்கும்போது நம் குடும்பங்கள் அடிக்கடி பேசுகிற விஷயம்: பிள்ளைகளை எந்தப் படத்துக்கு விடலாம், எதற்கு விடக்கூடாது? முத்தக் காட்சி உண்டா, குடி உண்டா, கெட்ட வார்த்தை உண்டா என்று விசாரித்து முடிவெடுக்கிறோம். பழைய கேள்விதான். 1936-ல் போப் பதினோராம் பயஸ் சினிமாவுக்கென்றே ஒரு சுற்றுமடல் எழுதி, படங்களைத் தரம் பிரித்து மக்களுக்குச் சொல்லும்படி ஆயர்களைக் கேட்டுக்கொண்டார். நாஞ்சில் நாட்டு சி.எஸ்.ஐ. வீடுகள் பலவற்றில் அந்தத் தரப் பட்டியலுக்கே வேலையில்லை. சினிமாவே ஆகாது, கதை முடிந்தது!

அந்த மடலுக்குச் சில வருடம் முன்பு திருவனந்தபுரத்தில் ஒரு படத்தின் மேல் கல் விழுந்தது. அதில் குற்றம் கண்டவர்கள் மேலே சொன்ன எதையும் தேடவில்லை.

படம் 'விகதகுமாரன்'. மலையாளத்தின் முதல் படம், மௌனப் படம். எடுத்தவர் ஜே.சி. டானியேல், நம் அகஸ்தீஸ்வரத்துக் கிறிஸ்தவ நாடார். (அகஸ்தீஸ்வரம் அப்போது திருவிதாங்கூரில் இருந்தது; 1956-ல்தான் தமிழ்நாட்டோடு சேர்ந்தது.) நிலத்தை விற்று, ஏறக்குறைய 4 லட்சம் ரூபாய் புரட்டி, திருவனந்தபுரம் பட்டத்தில் 'டிராவன்கூர் நேஷனல் பிக்சர்ஸ்' தொடங்கினார். என் மேசைக்கு இப்படி ஒரு கடன் விண்ணப்பம் வந்திருந்தால் நிலத்தை ஈடாக வாங்கிக்கொண்டு, தொழிலைப் பற்றி நூறு கேள்வி கேட்டிருப்பேன். எல்லாரும் புராணக் கதை எடுத்துக்கொண்டிருந்த காலத்தில் அவர் எடுத்தது குடும்பக் கதை. திருவிதாங்கூர்ப் பணக்கார வீட்டுப் பையனைக் கடத்தி இலங்கைக்குக் கொண்டுபோகிறார்கள். தோட்டத்தில் கூலியாக வளர்ந்து, கடைசியில் சொந்த ஊர் திரும்புகிறான். கடல் தாண்டிப் பிழைக்கப் போன நமக்குத் தெரியாத கதையா இது?

கதாநாயகி சரோஜினி, நாயர் வீட்டுப் பெண். அந்த வேடத்தில் நடித்தவர் பி.கே. ரோசி, புலையர் குலத்தில் பிறந்தவர். கேப்பிட்டல் தியேட்டரில் படம் திரையிடப்பட்டது (1928 என்று வெகுகாலம் சொல்லப்பட்டது, 1930 அக்டோபர் என்கிறார்கள் பின்னால் வந்த ஆய்வாளர்கள்). ரோசியோடு உட்கார்ந்து பார்க்கப் பெரிய மனிதர்கள் சம்மதிக்கவில்லை. அவர் தலையில் இருந்த பூவைக் கதாநாயகன் முத்தமிடும் காட்சியில் திரைமேல் கல் பறந்தது. அவர் குடிசையையும் கொளுத்தினார்கள் என்கிறார்கள்.

இங்கே நம் சரித்திரத்தைக் கொஞ்சம் புரட்ட வேண்டும். தோள்சீலைப் போராட்டம் நம் பாட்டிமார் சொல்லி நமக்குத் தெரியும். 1859-ல் திருவிதாங்கூர் மகாராஜா நாடார் பெண்கள் மேலுடை அணியலாம் என்று அறிவித்தார். அதில் ஒரு நிபந்தனை இருந்தது: உயர்சாதிப் பெண்களைப் போல மட்டும் உடுத்தக் கூடாது! எழுபது வருடம் கழித்து, நாடார்களுக்கும் கீழே வைக்கப்பட்ட ஒரு பெண் நாயர் பெண்ணாகவே உடுத்தி வெள்ளித்திரையில் வந்து நின்றார். அந்த நிபந்தனை எத்தனை பேர் மனதில் அப்படியே இருந்தது என்பதைக் கல் காட்டிவிட்டது.

ரோசி ஊரை விட்டு ஓடினார். ஒரு லாரி டிரைவரோடு நாகர்கோவில் பக்கம் வந்து, கல்யாணம் செய்து, ராஜம்மாள் என்ற பெயரில் வாழ்ந்து முடித்தார். பிறகு அவர் நடிக்கவே இல்லை. டானியேல் எல்லாம் இழந்து பல் வைத்தியரானார். முதிய கலைஞர்களுக்கான உதவித்தொகையைக் கேரள அரசு அவருக்குத் தரவில்லை. தமிழ்நாட்டில் வாழ்பவர் என்பது காரணம். 1975-ல் அகஸ்தீஸ்வரத்தில் இறந்தார். 1992-ல் அதே அரசு அவர் பெயரில் தன் உயர்ந்த சினிமா விருதை ஏற்படுத்தியது. படத்தின் ஒரு பிரதிகூட மிஞ்சவில்லை.

அந்தப் படம் நம்முடைய எந்தச் சல்லடையிலும் சுத்தமாகத் தேறியிருக்கும். பூவுக்கு ஒரு முத்தம், அவ்வளவுதான். கல்லெறிந்தவர்களும் ஒழுக்கத்தின் பேரால்தான் எறிந்தார்கள். அதனால் இப்போதெல்லாம் என் பட்டியலில் இன்னொரு கேள்வியும் உண்டு: இந்தப் படம் யாரைப் பார்த்துச் சிரிக்கச் சொல்கிறது? வீட்டு வேலைக்காரியையா, கறுத்த பெண்ணையா, பேச்சு வழக்கை வைத்து ஒரு ஊர்க்காரனையா? கத்தி, ரத்தம் இல்லாத எத்தனையோ 'குடும்பச் சித்திரங்கள்' இதில் தேறாமல் போகின்றன.

டானியேல் கதையைக் கமல் என்ற மலையாள இயக்குநர் 2013-ல் 'செல்லுலாய்டு' என்று எடுத்திருக்கிறார் (நம் கமல்ஹாசன் அல்ல!). கொஞ்சம் பெரிய பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்கலாம். படம் போடுவதற்கு முன் அந்த 1859 சங்கதியைச் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் ஒரு பூவுக்காக ஏன் கல் எறிகிறார்கள் என்று பிள்ளைகளுக்குப் புரியாது.